பத்திரக்காரர் வீட்டுக் கணினி

பீப், பீப் என்று இடைவிடாமல் ஒலித்த அந்தக் கணினியைப் பத்திரக்காரர் 'பெட்டி' என்றுதான் சொல்வார். "தம்பி, பெட்டி கத்துது. ஒடனே வா" என்பார் போனில். செஞ்சியில் நான் கணினி பழுது பார்க்கும் கடை வைத்த புதிது. நிலப் பத்திரங்கள் எழுதும் அவருக்கு வீடு சிங்கவரம் போகும் சாலையில். முதல் நாள் நான் வாசலில் காத்திருக்க, அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, வெளியே தொங்கிய பூட்டைத் தன் சாவியால் திறந்தார். உள்ளே அவர் மனைவி இருந்தார். வெளியே பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பது எனக்கு உறைக்காமல் இல்லை. திருட்டுப் பயமாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

கணினியில் மின்விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. பக்கவாட்டு மூடிக்குக் கையாலேயே கழற்றக்கூடிய இரண்டு திருகாணிகள்தான். திறந்து, ரேம் பட்டையை உருவி, அதன் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்து, இருபக்கக் கொக்கிகளும் டக்கென்று விழும்வரை அழுத்தினேன். திரை எரிந்தது. மோர் கொண்டுவந்த அந்த அக்கா, "இது ஏன் தம்பி கத்துது?" என்று கேட்டார்.

"இந்தப் பட்டை கழண்டா கத்தும்க்கா. ஸ்க்ரீன் வராது. ஆளக் கூப்ட்டுதான் ஆவணும்."

பத்திரக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அக்கா உள்ளே போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் மறுபடியும் அழைப்பு. மூடியைத் திறந்தால் பட்டை பாதி வெளியே நின்றது. தூசியில் விரல் தடங்கள். கொக்கியின் மேல் மெல்லிய மஞ்சள் கறை, சமையல் மஞ்சள். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "இதுல யாரோ கை வெச்சிருக்காங்க சார்."

"யாரு?" என்றார். குரல் உயரவில்லை. அவருக்குப் பின்னால், சமையலறைக் கதவருகே நின்ற அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கை கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, வாசல் பூட்டும் சேர்த்து.

"கையின்னா கையில்ல சார், எலி. உள்ள எலி பூந்து ஓடுனா பட்டை அசைஞ்சிடும்."

அவர் நம்பினார். அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. என் கடை வாடகை ஒப்பந்தம் அவர் எழுதியது. எல்லா அலுவலகத்திலும் அவருக்கு ஆள் இருந்தது. அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிட்டு, அந்த அக்காவோடு என்னையும் சேர்த்து ஊர் பேசிவிட்டால்? இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. சிங்கவரத்தில் வேலை வந்தால்கூட அந்தச் சாலையை விட்டுச் சுற்றுவழியில் போனேன்.

பதினெட்டாம் நாள் மூன்றாவது அழைப்பு வந்தது. மேசைக்குக் கீழே புது எலிப்பொறி, காலியாக இருந்தது. மூடியைத் திறந்தேன். பட்டை அதன் இடத்திலேயே இல்லை. பெட்டியின் அடியில், ஒரு தாளில் சுற்றிக் கிடந்தது. பத்திரக்காரர் என் தலைக்கு மேலே நின்றார். நல்லவேளை, அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே இரண்டடி நகர்ந்தார். தாளை விரித்தேன். ஒரு போன் எண். கீழே, 'எங்க அண்ணன். வரச் சொல்லுங்க. என்கிட்ட போன் இல்ல.'

"இன்னா அது?"

"தொடைக்கிறதுக்கு நான் எடுத்தாந்த பேப்பர் சார்."

சட்டைப் பையில் செருகினேன். அவசரத்தில் பட்டையைத் திசைமாற்றி வைக்கப்போய், மறுபடி திருப்பிப் பொருத்தினேன். சத்தம் நின்றது. அக்கா அன்று மோர் கொண்டுவரவில்லை, கதவருகே வரவும் இல்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நின்று அந்த எண்ணுக்குப் பேசினேன். மறுநாள் காலையிலேயே அண்ணன் நான்கு பேரோடு வேனில் வந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய பத்திரக்காரர் கண்ணெதிரே பூட்டை உடைத்தாராம். அக்கா செருப்புகூடப் போடாமல் வந்து வேனில் ஏறிக்கொண்டாராம். பத்திரக்காரர் அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வருடம் அக்கா கடைக்கு வந்தார். திண்டிவனத்தில் தட்டச்சு வேலையாம். அன்று வாய்தவறிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்.

"நீ எலின்னு மாத்திச் சொன்னதுமே ஒனக்குப் புரிஞ்சிடுச்சின்னு தெரிஞ்சிக்கினேன் தம்பி. இன்னிக்கி யாரையாவது கூட்டினு வருவ, நாளைக்கி வருவன்னு ஜன்னல்லியே நின்னேன். ரோட்டையே பாத்துனு இருந்தேன். அப்புறம்தான், நீயா வரமாட்டன்னு தெரிஞ்சி சீட்டு எழுதனேன்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். சுற்றுவழியில் போனதைச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன், வரவில்லை.