கம்பியில் தொங்கிய வால்கள்

திருச்சுழிச் சந்தையில் பொன்னுத்தாய்க்குக் கருவாட்டுக் கடை. தலைப்பிள்ளை பெற்றவளுக்கு என்று யார் வந்து கேட்டாலும் சுறாக் கருவாட்டுக்கு அவள் காசு வாங்குவதில்லை. பால் ஊற அதைவிட வேறில்லை என்பாள். கொடுக்கும்போது வாலை மட்டும் அறுத்து வைத்துக்கொள்வாள். சும்மா கொடுத்த மீனின் வாலை விற்றால் அந்தத் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்று ஒரு பயம். தறிக்கூடத்துக் கழிவு நூலால், வீட்டுக்கு ஒரு நிறமாக, கடைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவாள். பிள்ளைக்குப் பல் முளைத்ததும் அவிழ்த்துக் கண்மாயில் எறிவாள்.

எப்போதும் கிழக்குக் கடற்கரை மூக்கையூர்ச் சரக்குதான். இந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் போனதால், அருப்புக்கோட்டையில் ஒரு லாரிக்காரனிடம் சுறா மூட்டை வாங்கினாள். எந்தக் கடல் என்று கேட்டதற்கு, "கடல்ல என்ன வேலியா போட்டிருக்கு?" என்று சிரித்தான். மூட்டை ஈரமாக இருந்தது. ஈரச் சரக்கைப் பழைய சரக்கோடு கொட்டிக் கலந்து, உப்புத் தூவி, மழை விட்ட நேரத்து வெயிலில் போட்டாள். கருவாடு விற்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அதற்குப் பிறகு எது எந்த மூட்டை என்று அவளுக்கே தெரியாது.

மேற்குக் கடலில் ரசாயனம் ஏற்றிய கப்பல் ஒன்று மூழ்கியதும், அந்தப் பக்கத்து மீனை விற்கக் கூடாது என்று அரசு சொல்லியிருந்ததும் அவளுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. சொன்னவர் உணவுப் பாதுகாப்பு அதிகாரி இம்மானுவேல். லாரிக்காரன் பிடிபட்டிருந்தான்.

"மிச்சம் இருக்காம்மா?"

"வித்துப்போச்சு சார்."

அவர் நிமிர்ந்து கம்பியில் தொங்கிய வால்களைப் பார்த்தார். எதற்காகக் கட்டியிருக்கிறது என்று பொன்னுத்தாய் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு, வாலாவது மிஞ்சிச்சே. ஒவ்வொரு கடல் தண்ணியிலயும் கரைஞ்சிருக்கிற சத்து வேற வேற. அது மீனு முள்ளுல ஏறிரும். சோதிச்சா எந்தக் கடல்ல வளந்ததுன்னு தெரிஞ்சிரும்."

"நாங்க போட்டது தூத்துக்குடி உப்புல்ல சார். எல்லாம் தூத்துக்குடின்னே காட்டுமே!"

"உப்பைக் கழுவிட்டு உள்ளுக்குள்ள பாப்பாகம்மா. ஆனா எந்தக் கடல்னுதான் இது சொல்லும். வெசம் ஏறியிருக்காங்கிறது வேற சோதனை. மத்தக் கடையையும் பாத்துட்டு வாரேன், அவுத்து வைங்க."

அவர் நகர்ந்ததும் பக்கத்து வெங்காயக் கடைச் சின்னத்துரை குனிந்து வந்தான்.

"மதினி, எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டு, பூனை தின்னுருச்சுன்னு சொல்லுங்க. பூனை என்ன கோர்ட்டுக்கா வரப்போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மஞ்சள் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் மகள் தங்கச்செல்வியின் மீன். பிரசவத்துக்கு வந்தவளுக்குத் தன் கையாலேயே சுறாப் புட்டு அவித்துக் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊட்டினாள்.

மற்ற வால்களை அவிழ்த்து முறத்தில் வைத்தாள். மஞ்சளை மடியில் செருகினாள். தெரியாமலே இருந்துவிட்டால் பாதி பயம்தான். தெரிந்துவிட்டால்? வயிற்றோடு ஒட்டி அந்த வால் குத்திக்கொண்டே இருந்தது. இம்மானுவேல் முறத்தை எடுக்கும் நேரத்தில் அதை உருவி மேலே போட்டாள்.

வீட்டில் தங்கச்செல்வி பிள்ளையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள்.

"குடுக்காதடி."

"ஏம்மா?"

"சளி பிடிச்சிருக்கு ஒனக்கு" என்றாள்.

"எனக்கா? எனக்கு என்ன சளி? போய்ப் படும்மா."

பிள்ளை சப்பும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் நகம் நீலம் பாய்கிறதா, கண் சொருகுகிறதா என்று பொன்னுத்தாய் பார்த்தபடியே இருந்தாள். அது கொட்டாவி விட்டால்கூட எழுந்து ஓடினாள். சோதனை முடிவு வரும்வரை இப்படியே கழிந்தது.

இம்மானுவேல் மறுபடி கடைக்கு வந்தபோது அவள் முந்திக்கொண்டு கேட்டாள்.

"மஞ்ச நூலு?"

"நம்ம கிழக்குக் கடல்தான்மா."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சின்னத்துரை தண்ணீர்ச் செம்பை நீட்டினான். குடித்துவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"செவப்பு நூலு மட்டும் மேற்குக் கடல்மா. அது யாரு வீடு?"

செம்பு கையிலேயே நின்றது. ரெட்டியபட்டிக் காளீஸ்வரி. பருத்தி எடுக்கப் போகிற பெண். ஒரு துண்டு போதும் என்றவளுக்கு முழுச் சுறாவாகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க மதினி," என்று காதோரம் சின்னத்துரை முணுமுணுத்தான். "நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா அருவாளோட வருவாக."

அவன் சொன்னது உண்மைதான். மஞ்சள் நூல் என்று கேட்டு அழுத அழுகை இன்னும் கன்னத்தில் காயவில்லை.

"ரெட்டியபட்டி சார். நானும் வாரேன்."

"தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில காட்டிரலாம். வெசச் சோதனை முடிவு இன்னும் வரல, ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம்மா," என்றார் அவர். ஜீப்பில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வேப்பமரத்தடியில் காளீஸ்வரி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜீப்பைக் கண்டு முந்தானையை இழுத்துவிட்டவள், இறங்கியது யாரென்று தெரிந்ததும் முகம் மலர்ந்தாள்.

"வாங்கம்மா. நீங்க குடுத்ததுல பால் பொங்கிப் பொங்கி வருது. இன்னொண்ணு கொண்டாந்திருக்கீகளா?"