கடை வயர் போன வழி

மேர்வினுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மழையில் போன் தானாக மணியடித்தாலும், ஆளில்லாத வீட்டு லைன் எங்கேஜ்ட் காட்டினாலும், "வயருல தண்ணி இறங்கியிருக்கும்" என்று முடித்துவிடுவான். ஹட்டனிலிருந்து பைக்கில் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி, வீட்டு போன் வயர்களைத் தேடிப்பிடித்து இன்டர்நெட்டுக்கு மாற்றிக் கொடுப்பவனுக்கு வேறென்ன தோன்றும்? வாய் ஓயாத ஆள். டோரீன் டீச்சர் வீட்டுக்குப் போன அன்றுதான் அந்த வாய் அடைத்துப்போனது.

டீச்சர் தனியாக இருக்கிறார். கட்டாரிலிருக்கும் மகள் ஏஞ்சலாவின் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் இன்டர்நெட் எடுத்தார். அது வருவதும் போவதுமாக இருந்தது. மேர்வின் ஜன்னலுக்குக் கீழிருந்த பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தான். எங்கேயோ ஒரு போனின் ரிசீவரைத் தூக்கி வைத்திருப்பதாகக் காட்டியது. வீட்டிலிருந்த ஒரே போனில் ரிசீவர் ஒழுங்காக வைத்துத்தான் இருந்தது.

"வேற போன் இருக்குங்களா டீச்சர்? எங்கயோ ரிசீவர் தூக்கியிருக்குன்னு காட்டுது."

சுவரைத் துளைத்து வெளியே போன ஒரு கறுப்பு வயரை டீச்சர் காட்டினார். "அவரு கடைக்கு இழுத்தது. கடைதான் மண்ணோட போச்சே."

இரண்டு வருஷத்துக்கு முந்திய மண்சரிவு அது. கணவர் யேசுரட்ணத்தின் குடை மட்டும் பாலத்தடியில் கிடைத்தது. ஆற்றில் போய்விட்டார் என்று ஊரே முடிவு கட்டி, ஆற்றோரமாகவே தேடிக் கைவிட்டது. உடலில்லாமல் பூசை வைத்தார்கள். மெழுகுவர்த்தி கொளுத்த டீச்சருக்கு ஒரு கல்லறை இல்லை. பாவம், அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"தூக்கியிருக்குன்னா அவரு பாலத்துக்குப் போகல. கடையிலருந்து என்னத்தான் கூப்பிட்டிருக்காரு. அந்த வயரு எங்க போகுதுன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி."

தண்ணி இறங்கினாலும் மீட்டர் இப்படித்தான் காட்டும் என்று சொல்ல வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல வரவில்லை.

வயருக்குள் சத்தம் அனுப்பும் சின்னப் பெட்டியை மாட்டி, வயர் கிட்ட வந்தால் கீச்சிடும் கோலைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினான். சரிந்த மண்ணில் மானாப்புல் இடுப்புயரம் நின்றது. பனிமூட்டத்தில் பின்னால் வந்த டீச்சர் தெரியவில்லை, செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆற்றுப் பக்கம் கோல் ஊமையாக இருந்தது. எதிர்ப்பக்கம் திருப்பியதும் கீச்சிட்டது. எப்போதோ அறுந்திருக்க வேண்டிய வயர், மண்ணுக்கடியில் கிடந்தபடி அவனை நடத்திக்கொண்டு போனது. கோயிலுக்குப் போகும் புதுக் குறுக்குப் பாதையில் கோல் அலறியது. ஓரடி தாண்டியதும் அடங்கிவிட்டது; வயர் அங்கேயே முடிந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதுல மிதிச்சிக்கிட்டுத்தான் போறேன்" என்ற டீச்சர் செருப்பைக் கழற்றினார்.

தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். இடுப்பளவு ஆழத்தில் கடைத் தகரம் தட்டுப்பட்டது. அதை அவர்கள் தூக்கிப் பிடிக்க, மேர்வின்தான் டோர்ச்சோடு முதலில் உள்ளே குனிந்தான். மேசைக்கு அந்தப் பக்கம், டீச்சர் சொல்லியிருந்த யேசுரட்ணத்தின் பச்சை ஸ்வெட்டர் தெரிந்தது. மேசையில் சேறு பூசிய போன். ரிசீவர் வைத்தது வைத்தபடி இருந்தது. யாரும் அதைத் தூக்கவேயில்லை.

"இருக்காரா தம்பி?" என்று மேலிருந்து டீச்சர் கேட்டார்.

"இருக்காருங்க டீச்சர்."

"போனு?"

மேர்வின் ரிசீவரை எடுத்தான். வீட்டில் மாட்டிய பெட்டியின் சத்தம் அதற்குள் மெல்லியதாகக் கேட்டது. அதை யேசுரட்ணத்தின் பக்கமாகக் கிடத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"தூக்கித்தாங்க இருக்கு" என்றான்.