சஷ்டிக்கு வந்த சால்மன்

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் குளியல் தொட்டியில் ஒரு பெரிய மீன் அரை நாள் உயிரோடு கிடந்தது, அதை ஒருவரும் கறியாக்கவில்லை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் நம்புவதில்லை. சொல்வது நான் என்பதால் இன்னும் நம்புவதில்லை. சின்ன வயதில் நான் கொஞ்சம் புளுகுவேன் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் இது உண்மையாகவே நடந்தது. ஜேர்மனியில், மலைகளுக்கு நடுவே ஓடும் ஒரு ஆற்றின் கரையில் எங்கள் ஊர். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அவருடைய அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. எங்களோடு இருந்தார். சும்மா இருப்பது மாமாவுக்குச் சரிவராத காரியம். வீட்டிலுள்ள கதவுப் பிணைச்சல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டு முடிந்த பிறகு, வேறு வழியில்லாமல் ஆற்றங்கரையில் நடக்கத் தொடங்கினார். அங்கே மீன்பிடிச் சங்கத்துக் கிழவர்கள் தண்ணீர் வாளிகளோடு மல்லுக்கட்டுவதைக் கண்டு ஒரு பக்கம் கைகொடுத்தார். அன்றோடு ஆள் அவர்களுடையவராகிவிட்டார். சம்பளம் கிடையாது. ஆனால் குஞ்சு பொரிக்கும் கொட்டிலின் பூட்டுத் திறப்பைச் சங்கத் தலைவர் மாமாவிடமே கொடுத்துவைத்திருந்தார். மாமா அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், குளிக்கும்போதும் கழற்றமாட்டார். அம்மா அதை மாமாவின் தாலி என்பார்.

அந்தக் கொட்டில் ஒரு பழைய மாவு ஆலையின் பின்பக்கம் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உள்ளே நீளமான தட்டுகளில் ஓடைத் தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஆற்றில் ஒரு காலத்தில் சால்மன் நிறைய இருந்ததாம். அணை கட்டியும் ஆலைக் கழிவு கலந்தும் அது இல்லாமற்போய், பிறகு தண்ணீர் துப்புரவானதும், வேறு நாடுகளின் ஆறுகளிலிருந்து முட்டை வாங்கிப் பொரிக்கவைத்துக் குஞ்சு விட்டிருக்கிறார்கள். குஞ்சுகள் கடலுக்குப் போயின. போனவற்றில் திரும்பி வந்தவை மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தைப் பிடித்து, அதன் முட்டையையே எடுத்துப் பொரிக்கவைத்தால் இந்த ஆற்றுக்கு இசைந்த குஞ்சு கிடைக்கும் என்பதுதான் சங்கத்தின் கணக்கு. வெளி முட்டை இனி வேண்டாம், வந்து சேர்ந்தவளே தாயாக இருக்கட்டும் என்று தலைவர் பிடிவாதமாக இருந்தார். அந்த வருடம் அணைக்கட்டுப் பொறியில் ஏறி வந்த பெண் மீன் ஒன்றே ஒன்று. அது போனால் அந்த வருடமே போனது. முட்டை முற்றுவதற்கு இன்னும் சில நாள் இருந்ததால் அதைத் தொட்டியில் விட்டுக் காவல் இருந்தார்கள். காவல் என்றால் மாமாதான்.

இந்த நேரத்தில் கந்தசஷ்டி வந்தது. கெல்சன்கிர்ஷன் நகரிலிருந்து பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு நாளும் விரதம் இருப்பார். அம்மாவும் விரதம்தான், ஆனால் அம்மாவுடையது ஒருநேரச் சாப்பாட்டு விரதம். பெரியம்மாவுடையது வேறு மாதிரி. பகலில் தண்ணீர், பொழுதுபட்டால் ஒரு கிளாஸ் பால், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை வேண்டித்தான் வருடா வருடம் அப்படி வயிற்றைக் காயவைக்கிறார் என்பது சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் எனக்கு அந்த விரதத்தில் உறைத்த விசயம் ஒன்றுதான்: ஆறு நாளும் வீட்டில் மீன் கிடையாது. பெரியம்மா வந்து இறங்கிய கையோடு நிலக்கீழ் அறையிலிருந்த ஐஸ்பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிடுவார். உள்ளே அப்பா தமிழ்க்கடையில் வாங்கி அடைத்த அறக்குளா மீனும் இறாலும் கிடக்கும். துணியை எடுக்க ஒருவருக்கும் துணிவு வராது.

நாலாம் நாள் சனிக்கிழமை. முதல்நாள் அடித்த காற்றில் மரம் ஒன்று விழுந்து, பெண் மீனின் தொட்டிக்கு வரும் குழாயை உடைத்துவிட்டது. காலையில் போன மாமா கண்டது அசையாத தண்ணீரையும் வாயைத் திறந்து திறந்து மூடும் மீனையும்தான். ஆண் மீன்கள் இருந்த தொட்டிக்கு வேறு குழாய், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குள் இதை விட்டால் அவை துரத்திக் கடிக்கும். தலைவர் தூரத்தில் மகள் வீட்டில் இருந்தார். மாமாவின் ஜேர்மன் அவசரத்துக்கு உதவாது என்பதால் ஃபோனில் நான்தான் பேசினேன். குளிர்ந்த தண்ணீர், ஓடும் தண்ணீர், எங்கே கிடைத்தாலும் சரி, நான் உடனே புறப்படுகிறேன் என்றார் தலைவர். குளிர்ந்த ஓடும் தண்ணீர் எங்கே கிடைக்கும்? எங்கள் குளியலறையில் கிடைக்கும்.

நீலப் பீப்பாய் ஒன்றில் தண்ணீரோடு மீனைப் போட்டு, கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு மாமா வீட்டுக்குள் நுழைந்தபோது பெரியம்மா சுவாமி அறையிலிருந்து வெளியே வந்தார். 

"டேய், உனக்கென்ன விசரே? சஷ்டி நாளில மச்சத்தை வீட்டுக்கை கொண்டு வாறாய்!"

"அக்கா, கோவிக்காதேங்கோ. இது கறிக்கில்லை. பின்னேரம் வந்து கொண்டு போயிடுவினம்."

"நான் முழுகிற தொட்டியடா அது!"

"நான் கழுவித் தாறன் அக்கா. இது செத்தால் நான் அந்த மனுசன்ரை முகத்தில முழிக்க ஏலாது."

பெரியம்மா படாரென்று கதவைச் சாத்திக்கொண்டு சுவாமி அறைக்குள் போய்விட்டார். அம்மா பூசைக்குப் பூ வாங்க அப்பாவோடு தூரத்துத் தமிழ்க்கடைக்குப் போயிருந்தார், அதனால் சமாதானம் பேச ஆள் இல்லை. மாமா குளிர்ந்த தண்ணீர்க் குழாயை மட்டும் திறந்துவிட்டு, என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருத்தினார். பச்சைத் தண்ணீர் மட்டும்தான், ஒருவரும் தொடக்கூடாது, ஏதும் என்றால் ஓடிவந்து சொல் என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திருத்த ஓடினார். நான் பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வந்தார். வாசலில் நின்று, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு ஓரடி உள்ளே வந்தார்.

"என்ன பிள்ளை, அதுக்கு வயிறு இப்பிடி ஊதிக் கிடக்கு?"

"உள்ளுக்கு முழுக்க முட்டை, பெரியம்மா. பொம்பிளை மீன். கடலிலயிருந்து வந்தது. இந்த வருசம் இது ஒண்டுதான்."

பெரியம்மா மூக்கிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்தார். குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். மீன் செட்டையை மெல்ல அசைத்தபடி ஒரே இடத்தில் நின்றது. பெரியம்மா வெகுநேரம் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரலைத் தண்ணீரில் வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தார்.

"ஐயோ, ஐஸ் மாதிரியெல்லோ கிடக்கு. பிள்ளைத்தாச்சியை இந்தக் குளிருக்கை பச்சைத் தண்ணியில விடுறதே?"

"மாமா பச்சைத் தண்ணிதான் எண்டவர்."

"அவனுக்கு என்ன தெரியும்? அவன் பிள்ளை பெத்தவனே?"

எங்கள் வீடுகளில் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவரைக் குளிர்ந்த தண்ணீரில் கைகூட வைக்க விடமாட்டார்கள். குடிக்கவும் சுடுதண்ணீர், குளிக்கவும் சுடுதண்ணீர். பெரியம்மா அந்த வழக்கத்தின்படி, முழு அன்போடு, குழாயைச் சூட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். அதிகம் இல்லை, இளஞ்சூடு. ஒரு கையால் தண்ணீரை அள்ளி அள்ளி மீனின் முதுகில் விட்டார். மீனைப் பார்த்து ஏதோ வாய்க்குள் சொன்னார். நானும் மீனுக்கு இப்போது சுகமாக இருக்கும் என்றே நினைத்தேன்.

முதலில் மீன் வேகமாக மூச்சு வாங்கியது. பிறகு மேலே வந்து வாயைப் பிளந்தது. பிறகு மெல்லச் சரிந்து, வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தது. பெரியம்மா "முருகா" என்று கத்தினார். நான் வெறுங்காலோடு தெருவில் ஓடினேன்.

மாமா வந்த வேகத்தில் சுடுதண்ணீரை நிறுத்தினார். தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு மீனை நிமிர்த்திப் பிடித்து, செவுளுக்குள் தண்ணீர் போகும்படி முன்னும் பின்னும் அசைத்தார். குளிர்ந்த குழாய் முழுவதும் திறந்திருந்தும் தொட்டி நிறைய இருந்த இளஞ்சூடு இறங்குவதாக இல்லை. மாமாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஐஸ் வேணும்! பிள்ளை, கீழ போய் ஐஸ்பெட்டியில கிடக்கிறது எல்லாத்தையும் கொண்டு வா! நான் கையை எடுத்தால் இது செத்துப்போயிடும்!"

நான் கீழே ஓடினேன். வெள்ளைத் துணியை இழுத்துப் போட்டேன். மூடி உறைந்து இறுகிக் கிடந்தது, எத்தனை இழுத்தும் அசையவில்லை. நான் அழத் தொடங்கியபோது பின்னால் பெரியம்மா நின்றார். ஐஸ்பெட்டியைப் பார்த்தார், கீழே கிடந்த துணியைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரே இழுவையில் மூடியைத் திறந்து, உறைந்த அறக்குளாப் பொதிகளையும் இறால் பொதிகளையும் மடி நிறைய அள்ளினார். நாலு நாள் பட்டினி கிடந்த மனுசி அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இரண்டு படியாக ஏறினார். தொட்டிக்குள் போட்டார். மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார். தன் இரண்டு கையையும் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, பொதிகளை மீனைச் சுற்றி நகர்த்திக்கொண்டே இருந்தார். குளிரில் அவருடைய பல் கிடுகிடுத்தது. "என்ரை அம்மாவெல்லே, எழும்படி" என்று மீனிடம் கெஞ்சினார்.

தண்ணீர் குளிர்ந்தது. மீனின் வால் ஒருமுறை ஆடியது. பிறகு அது மாமாவின் கையிலிருந்து தானாகவே நழுவி, இறால் பொதி ஒன்றை இடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். அத்தனை வளர்ந்த மனிதன் ஒரு மீனுக்காக அழுவதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

பின்னேரம் தலைவர் பெரிய தொட்டி ஏற்றிய வான் வண்டியோடு வந்தார். குளியலறை வாசலில் நின்று, அறக்குளாவுக்கும் இறாலுக்கும் நடுவே நின்ற சால்மனை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, இதில் எங்களுடையது எது என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்.

மீன் போன பிறகு, கடையிலிருந்து வந்த அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பெரியம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

"முழுகிப்போட்டு வாங்கோ அக்கா. தெரியாமல் நடந்ததுதானே, முருகன் கோவிக்கமாட்டார்."

"தெரிஞ்சுதானடி தொட்டனான். விரதம் முறிஞ்சது முறிஞ்சதுதான்."

அன்று பெரியம்மா பாலும் பழமும் எடுக்கவில்லை. என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குழைத்து, எனக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று சாப்பிட்டார். எனக்கு ஒரே சந்தோசம். அப்படியென்றால் நாளைக்கு அந்த அறக்குளாவைக் கறி வைக்கலாமா என்று கேட்டேன். அம்மா எனக்குத் தலையில் ஒரு குட்டு வைத்தார். சூரன்போருக்கு எல்லோரும் கோயிலுக்குப் போனோம், பெரியம்மா வரவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா மற்றவர்களிடம் சொன்னதை நான் அப்படியே நம்பினேன்.

சஷ்டி முடிந்தும் பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. பெரியப்பாவிடம் ஃபோனில் ஏதோ சாட்டுச் சொல்லிவிட்டு நின்றார். முட்டை எடுக்கும் நாளில் மாமாவோடு கொட்டிலுக்கு வந்தார், நானும் போனேன். மயக்கிய மீனைத் தலைவர் துணியில் பிடித்து வயிற்றைப் பெருவிரலால் மெல்லத் தடவ, செம்மஞ்சள் முட்டைகள் பொலபொலவென்று கிண்ணத்தில் விழுந்தன. ஆண் மீனின் விந்துப் பாலை அதில் விட்டு ஒரு வாத்து இறகால் கிண்டினார்கள். தாய் மீன் தெளிந்து தொட்டியில் நீந்தியது. அதை மறுபடி ஆற்றில் விடுவார்களாம்.

பெரியம்மா கிண்ணத்துக்கு மேல் குனிந்தபடி நின்றார்.

"எத்தினை இருக்கும் எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். ஆயிரக்கணக்கில் என்றார் தலைவர்.

"கடலுக்குப் போய் இஞ்ச திரும்பி வாறது எத்தினை?"

தலைவர் தோளைக் குலுக்கினார். ஒன்று வரலாம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு என்றார்.

"ஒண்டு போதும் எண்டு சொல்லு. ஒண்டே ஒண்டு வந்தால் காணும்."

நான் அதை நல்ல சத்தமாக ஜேர்மனில் சொன்னேன். கிழவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இந்த அம்மாவைத் திருப்திப்படுத்துவது சுலபம் என்று ஒருவர் சொல்ல, மறுபடி சிரித்தார்கள். பெரியவர்களைச் சிரிக்கவைத்துவிட்ட பெருமையில் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். பெரியம்மா சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.