பின்னிருக்கைக்குக் காப்பீடு இல்லை

என் மனைவியின் தமையனார் தொடங்கிய பனியன் நிறுவனத்தின் சிறப்பு மலர் ஒன்று சென்ற மாதம் அஞ்சலில் வந்தது. வழவழப்பான தாள், பக்கந்தோறும் மாலையணிந்த மனிதர்கள். நிறுவனரின் பெருமைகளை அடுக்கிய கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அவர் இரக்கப்பட்டுத் தம் வண்டியில் ஏற்றிச் சென்ற வழிப்போக்கர் ஒருவர் விபத்தில் கால் முடமானாராம். அவருக்கு நிறுவனத்திலேயே வேலை கொடுத்து வாழ்வளித்தாராம். விபத்து நடந்தது உண்மை. வேலை கொடுத்ததும் உண்மை. வழிப்போக்கர் என்பது பொய். இரக்கம் என்பது அதனினும் பெரிய பொய். அந்தப் பொய் பிறந்தபோது நான் அருகில் இருந்தேன். அதற்கு வழி செய்த முதற் சொல்லை எழுதியதும் என் கையே. பேச்சளவில் இருந்தவரை பொறுத்திருந்தேன். அச்சில் ஏறிவிட்ட பொய்க்கு எழுத்திலேயே மறுப்பு வேண்டும் என்பதால் இதனை எழுதுகிறேன். எவர் பெயரையும் குறிப்பிடேன்.

அறுபதுகளின் பிற்பகுதியில் திருப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். என் மைத்துனர் அப்போது சில பின்னற்பொறிகளோடு தொழில் நடத்திவந்தார். பொறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கும். அதனைச் சாமளாபுரம் செல்லும் சாலையில் ஆற்றையொட்டியிருந்த சலவைப்பட்டறைக்குக் கொண்டுபோய் வெளுத்து வாங்கிவர வேண்டும். மிதிவண்டியில் போய்க்கொண்டிருந்த அந்தத் துணி, மைத்துனர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிவந்த நாள்முதல் அதில் போகலாயிற்று.

துணிமூட்டையை வண்டியில் கயிற்றால் கட்டும் வழக்கம் அங்கு இல்லை. கயிறு இறுகினால் பின்னல் துணியில் தடம் விழும். வெளுத்து வந்த துணியில் அத்தடம் எளிதில் போகாது. தடம் விழுந்த துணியை வெட்டும் மேசையில் ஒதுக்கிவிடுவர். ஆகவே ஓர் ஆள் பின்னிருக்கையில் அமர்ந்து, மூட்டையை மடியில் வைத்து, இரு கைகளாலும் தழுவிப் பிடித்துக்கொண்டு வருவார். எதனையும் பற்றிக்கொள்ள அவருக்குக் கை மிச்சமிராது. மைத்துனரிடம் அந்த வேலையைச் செய்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், வெள்ளகோவில் பக்கத்துக்காரர், இரண்டு பெண்மக்களுக்குத் தந்தை. மிதிவண்டிக் காலத்திலிருந்தே மூட்டை பிடித்தவர். மூட்டை புறப்பட்டது என்றால் அவரும் புறப்பட்டார் என்பது அங்கே சொல்லாமலே விளங்கும். அதனாலேயே அவரைத் தனியாக எவரும் எண்ணவில்லை.

வண்டிக்குக் காப்பீடு எடுக்க ஒரு முகவர் வந்தார். காப்பீட்டு விண்ணப்பப் பாரம் ஆங்கிலத்தில் இருந்தது. படித்தவன் என்னும் பெயரால் நான் அழைக்கப்பட்டேன். தமிழாசிரியனுக்கு ஆங்கிலம் எங்கே தெரியும் என்று உறவினர் நடுவே கேலி செய்பவர் என் மைத்துனர். அவர் முன் அந்தப் பாரத்தை நிரப்புவதில் எனக்கு ஓர் அற்பப் பெருமிதம் இருந்தது.

முகவர் தெளிவாகவே விளக்கினார். சட்டம் கட்டாயமாக்கிய காப்பீடு ஒன்று: வண்டி பிறர்மேல் மோதினால் அவருக்கு இழப்பீடு கிடைக்கும், வண்டிக்கு ஒன்றும் கிடையாது. முழுக் காப்பீடு மற்றொன்று: மோதல், தீ, களவு எதனால் வண்டி கெட்டாலும் அதற்கும் ஈடு உண்டு. மைத்துனர் முழுக் காப்பீட்டையே கேட்டார். தம் பொருளைக் காப்பதில் அவர் என்றும் குறை வைத்ததில்லை. ஆனால் இரண்டில் எதை எடுத்தாலும், பின்னால் அமர்பவருக்குக் காப்பு வேண்டுமானால் தனியே ஒரு சிறு கட்டணம் கட்ட வேண்டும் என்றார் முகவர்.

"பின்னாடி ஆள் ஏத்துவீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆளெங்கீங்க ஏத்தறது? பின்னால மூட்டைதானுங்க" என்றார் மைத்துனர்.

"மூட்டைக்குப் பிரீமியம் கேக்க மாட்டோம். வீட்டம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவீங்கல்ல?"

"அவ இந்த வண்டிச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கறாளுங்க. முருகனைப் பாக்கோணும்னா பஸ்ஸுலதான் போவா. பின்னால ஆளில்லைன்னு எழுதுங்க மாப்ளெ."

நாள்தோறும் காலையில் அந்த வண்டி என் பள்ளி வாசலைக் கடந்து போகும். மூட்டைக்கு மேலே தலை மட்டும் தெரிய அமர்ந்திருக்கும் மனிதரை நான் நாள்தோறும் பார்த்தவன். ஆயினும் ஆங்கில எழுத்தில் இல்லை என்று அழகாக எழுதினேன். மைத்துனர் கட்டணத்துக்கு அஞ்சிச் சொன்னார் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. அவர் மனத்தில் அந்த இருக்கையில் உண்மையாகவே ஆள் இல்லை. என் மனத்திலும் அந்த நொடியில் இல்லை. இதற்கு என்னை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை. அவரை மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், சாமளாபுரம் சாலையில், விறகுக்காகப் பருத்திமார் என்னும் காய்ந்த பருத்திச்செடிகளை ஏற்றிச் சென்ற மாட்டுவண்டி ஒன்றை மைத்துனர் முந்தினார். சுமைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குச்சிகள் துணிமூட்டையில் மாட்டி இழுத்தன. மூட்டையைத் தழுவியிருந்தவர் மூட்டையோடு கீழே விழ, மாட்டுவண்டியின் சக்கரம் அவர் வலக்கால் முட்டியின்மேல் ஏறி இறங்கியது. சிறிது தொலைவு தள்ளாடிப் போய் விழுந்த மைத்துனருக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டியின் முன்விளக்கு உடைந்தது. கோயம்புத்தூர் மருத்துவமனையில் மூட்டைக்காரரின் காலை வெட்டாமல் காப்பாற்றினார்கள். ஆனால் முட்டி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

முன்விளக்குக்கு உடனே மதிப்பீட்டாளர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார், குறித்துக்கொண்டார், தேநீர் குடித்துவிட்டுப் போனார். சில வாரங்களில் புதிய விளக்குப் பொருத்தப்பட்டது. மூட்டைக்காரர் மருத்துவமனையில் இருக்கும்போதே, அதே பின்னிருக்கையில் வேறொருவர் மூட்டையைத் தழுவிக்கொண்டு என் பள்ளி வாசலைக் கடந்து போனார்.

மூட்டைக்காரருக்கு ஏதேனும் கிடைக்குமா என்று கேட்க, நான் வற்புறுத்தி முகவரை வரவழைத்தேன். வெட்டும் மேசையருகே மூவரும் அமர்ந்தோம்.

"பின்சீட்டுக்கு நீங்க கட்டலை சார்" என்றார் முகவர். "ஆனா ஒரு வழி இருக்கு. அவரு உங்க வேலையாளு, உங்க வேலைக்காகத்தான் வண்டியில வந்தாருன்னு ஒரு லெட்டர் குடுங்க. முதலாளி வண்டியில வேலை நிமித்தமாப் போற ஆளை, தனியாக் கட்டாட்டியும் சட்டமே காப்பாத்துது. கம்பெனி குடுத்துத்தான் ஆகோணும்."

எனக்கு மூச்சு வந்தது. ஒரு கடிதம்; அதுவும் உண்மையைச் சொல்லும் கடிதம். அதனை எழுத நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

மைத்துனர் அசையவில்லை. "அந்த லெட்டரு எங்கெங்கீங்க போகும்?" என்று கேட்டார்.

"கம்பெனிக்கு. அப்புறம் கோர்ட்டுக்கு."

"கோர்ட்டுக்குப் போனா லேபர் இன்ஸ்பெக்டரு கண்ணுல படாதுங்களா? என்ற ரெஜிஸ்டர்ல ஒம்பது பேருதானுங்க இருக்காங்க."

முகவர் தம் பையை மூடத் தொடங்கினார். விசையால் ஓடும் பொறிகள் உள்ள இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை ஆகிவிடும்; சட்டங்கள் எல்லாம் உள்ளே நுழையும். அந்தக் கூரைக்குக் கீழே அன்று இருபதுக்கு மேற்பட்டவர் வேலை செய்துகொண்டிருந்தனர். பதிவேட்டில் ஒன்பது பெயர்கள். மூட்டைக்காரரின் பெயர் அவற்றுள் இல்லை. அவரை வேலையாள் என்று ஒப்புக்கொண்டால், ஒளித்து வைத்த மற்றவர்களும் வெளியே வருவர்.

முகவர் போன பிறகு நான் சொன்னேன்: "மச்சான், அவரு வருசக்கணக்கா உங்க மூட்டையைப் பிடிச்சிட்டு வர்றாருங்க. தெனமும் பள்ளிக்கூட வாசல்ல நானே பாக்கறேன்."

"பாத்தீங்கல்ல? அப்புறம் ஏனுங்க மாப்ளெ பாரத்துல ஆளில்லைன்னு எழுதுனீங்க?"

அவர் அதோடு விடவில்லை.

"இப்பவும் நீங்கதான் எழுதோணும். வழியில கையைக் காட்டுனான், பாவமேன்னு ஏத்துனேன். அவன் யாரு எவருன்னு எனக்குத் தெரியாதுங்க. இத்தனைதான். நல்ல இங்கிலீசுல எழுதிக் குடுங்க."

"அந்தப் பொய்யை எழுத மாட்டேனுங்க" என்றேன்.

"கை அத்தனை சுத்தமா இருக்கோணும்னா, சாக்பீஸையே புடிச்சிட்டு இருந்திருக்கலாமுங்க" என்றார். வெட்டும் மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களிலும் பாதிப்பேர் பதிவேட்டில் இல்லாதவர்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்தப் பொய்க் கடிதத்தை வேறு யாரோ எழுதிக்கொடுத்தார்கள். மூட்டைக்காரரின் மனைவி என் வீட்டுக்கு வந்து நின்றார். கோயம்புத்தூரில் ஒரு வழக்கறிஞரைக் கண்டு, இழப்பீட்டு வழக்குத் தொடுக்க நானே உடன் சென்றேன். என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "எங்கண்ணனுக்கு எதிராக் கூண்டுல ஏறப் போறீங்களா?" ஆம் என்றேன். அதன்பின் அவர் தம் பிறந்த வீட்டுக்குத் தனியாகவே போய்வந்தார்.

கூண்டில் ஏறினேன். மூட்டைக்காரர் என் மைத்துனரின் வேலையாள் என்றும், நாள்தோறும் அவர் அந்த வண்டியில் போனதைக் கண்டவன் என்றும் சொன்னேன். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் நிதானமாக எழுந்து, நான் நிரப்பிய பாரத்தை நீட்டினார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"என் கையெழுத்தே."

"பின்னிருக்கையில் ஆள் ஏறுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் பார்த்தீர்கள் என்றும் சொல்கிறீர்கள். எது பொய்?"

"பாரத்தில் எழுதியது."

"ஆக, நீங்கள் தெரிந்தே பொய் எழுதக்கூடியவர்."

மன்றத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். பாரத்தில் எழுதியதைப் பொய் என்று ஒப்புக்கொண்ட பின், அன்று நான் சொன்ன உண்மையை யார் நம்புவர்? வெளியே தாழ்வாரத்தில் மைத்துனர் நின்றிருந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. அருகிலிருந்தவரிடம், "தமிழ் வாத்தியாருகிட்ட இங்கிலீசுப் பாரத்தைக் குடுத்தது என்ற தப்புங்க" என்றார்.

தீர்ப்பு வரவில்லை. அதற்கு முன்பே மூட்டைக்காரர் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எனக்குச் செய்தி வழக்கறிஞர் வழியாகத்தான் வந்தது. சினத்தோடு மைத்துனரின் நிறுவனத்துக்குப் போனேன். வாசலையொட்டி ஒரு சாக்கின்மேல், மடங்காத காலை நீட்டி அமர்ந்து, தைத்து வந்த பனியன்களில் தொங்கும் நூற்பிசிறுகளை அவர் கத்தரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலைத் தாண்டித்தான் எவரும் உள்ளே போக வேண்டும்.

"ஏனுங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

கத்தரியை நிறுத்தாமலே பேசினார். "உக்காந்து செய்யற வேலை தர்றேன், கேஸை வாங்கிக்கோன்னு மொதலாளி சொன்னாருங்க. வாங்கிட்டேன்."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா கம்பெனிக்காரன் குடுத்திருப்பானுங்க."

"சாட்சி சொல்லிட்டு நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டீங்க. நான் எங்கீங்க போறது? கேஸு முடியற வரைக்கும் என்ற புள்ளைங்க என்னத்தைத் தின்னும்?"

"இப்பவாவது உங்க பேரு ரெஜிஸ்டர்ல இருக்குதுங்களா?"

அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அந்தப் பார்வையில் நன்றியின் சாயல்கூட இல்லை. தூய வெறுப்பு மட்டுமே இருந்தது. "அந்தப் பேச்சை இங்க எடுக்காதீங்க. மொதலாளி உள்ளாரதான் இருக்காரு. நீங்க வந்துட்டுப் போனது தெரிஞ்சா எனக்குத்தான் கெடுதல். உங்க சண்டையை நீங்க ரெண்டு பேரும் உங்க ஊட்டுல வெச்சுக்கோங்க. போயிருங்க."

வந்த வழியே திரும்பினேன். அவருடன் நான் பேசியது அதுவே கடைசி. அவர் இறக்கும்வரை அந்த வாசலில்தான் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறியதாக நான் அறியவில்லை.

நான் சட்டம் கற்றவன் அல்லன். வேலை நிமித்தம் வண்டியில் செல்பவருக்குத் தனிக் கட்டணமின்றியே காப்பு உண்டு என்று முகவர் சொன்னதையும், பத்துப் பேர் என்னும் வரம்பையும், நான் கேட்டு விளங்கிக்கொண்டபடியே எழுதியிருக்கிறேன். அக்காலச் சட்டத்தை அறிந்த வழக்கறிஞர்கள் பிழை கண்டால் எழுதித் திருத்துக. ஆற்றங்கரைச் சலவைப்பட்டறைகளில் வேலை செய்தவர்கள் எவரேனும் இன்னும் இருந்தால், துணியைக் கையாண்ட முறையில் நான் தவறியிருப்பின் சுட்டிக்காட்டுக. மைத்துனரின் மக்களுக்கும் இதையே சொல்வேன். அவர்கள் சினந்து எழுதினாலும் படிப்பேன். ஆனால் மறுப்பதாயின் அக்காலப் பதிவேட்டையும் உடன் அனுப்புக. அதில் பத்தாவதாக ஒரு பெயர் இருப்பின், இந்தக் கட்டுரையை நானே பிழையென்று அறிவித்துத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.