வேனில் ஹோபார்ட்காரி

க்ளெனிஸுக்கு எழுபது வயது நிறைந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். "ஒரே ஒரு மத்தியானம் எனக்கு ரெக்ஸ் வேணாம்."

ரெக்ஸ் அவள் கணவர். எங்கள் ஊரான ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில்லில், ஈயச் சுரங்கத்தில் வாலிபம் முழுக்கப் பாறை உடைத்தவர். தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இப்போது மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், நாற்காலியே கதி. கடைக்குப் போனாலும் க்ளெனிஸ் ஓட்டமாகத்தான் திரும்புவாள். பக்கத்து வீட்டுக்காரி நான். வேலியோரம் நின்று நாங்கள் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததே இல்லை.

அன்று ரெக்ஸின் தங்கை மேவிஸ் துணைக்கு வந்தாள். "போயிட்டு வா. ஆனா ஊரைத் தாண்டிடாதே. அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

சுற்றிலும் செம்மண்ணும் புதரும். ஊரைத் தாண்டாமல் எங்கே போவது?

"டூரிஸ்ட் வேன்ல ஏறிடுவோமா?" என்றாள் க்ளெனிஸ்.

"நம்ம ஊரையா சுத்திப் பாக்கப் போறே?"

"பொறந்ததுலேருந்து இங்கதான் கிடக்கேன். எங்கடி பாத்தேன்?"

வேன் ஓட்டிய ஷேன் ஊருக்குப் புதுசு, எங்களைத் தெரியாது. முன் சீட்டில் பெரிய கேமராவோடு, பெர்த் நகரத்திலிருந்து வந்த ஒருவர். "எந்த ஊரும்மா நீங்க?" என்று திரும்பிக் கேட்டார்.

"ஹோபார்ட்" என்று கடலுக்கு அந்தப் பக்கத்து ஊரைச் சொன்னாள் க்ளெனிஸ், கண்ணைக்கூட இமைக்காமல். "இவ என் நர்ஸ். எனக்குக் கொஞ்சம் ஞாபக மறதி."

நான் அவள் தொடையைக் கிள்ளினேன்.

ஊர் நடுவே நிற்கும் கருங்குன்றைக் காட்டி, "இது என்ன மலைப்பா?" என்றாள்.

"மலை இல்லம்மா, சுரங்கத்துலேருந்து எடுத்துக் கொட்டின கழிவு."

"அடேயப்பா! எந்தப் புண்ணியவான் கொட்டினான்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழைய மதுக்கடைகளையும் சுரங்கக் கோபுரத்தையும் அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். ஐஸ்கிரீமை விரல் வழிய வழியத் தின்றாள்.

அப்புறம் வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

"தொழிலாளிங்களோட பழைய தகர வீடுங்க. இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க, பாருங்க" என்று ஷேன் வேகத்தைக் குறைத்தான். காற்று வாங்கட்டும் என்று மேவிஸ் ரெக்ஸை வராந்தாவில் உட்கார்த்தியிருந்தாள்.

"ஐயோ பாவம், அந்தக் கிழவரைப் பாருங்க" என்று பெர்த்காரர் படம் பிடித்தார்.

ரெக்ஸ் வேனைப் பார்த்துக் கையசைத்தார். எல்லோரும் பதிலுக்கு அசைத்தார்கள். க்ளெனிஸின் கைகள் மடியில் இறுகிக் கிடந்தன.

"இறங்கிடலாமா?" என்றேன் மெதுவாக.

"பேசாம இரு. இன்னும் முடியல."

குன்றின் உச்சியில், சுரங்கத்தில் செத்தவர்களின் பெயர் பொறித்த நினைவுச் சின்னம். எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

"அவர் பேரு இதுல வராது" என்றாள். "அவர் உள்ள சாகலையே. வீட்டுல, என் கையிலதான் போகப்போறாரு." கீழே கூரைகளைப் பார்த்தாள். "எப்ப போவாருன்னு நினைச்சேண்டி. கை காட்டினாரே, அப்போ."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது ரெக்ஸ் அதே நாற்காலியில் இருந்தார். "ஒரு வேன் நிறைய வேலையத்த கும்பல் போச்சு" என்றார், மூச்சு வாங்க. "ஒருத்தி மட்டும் சிலையாட்டம் உக்காந்திருந்தா."

"நான்தான் அது."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கூப்பிடல?"

"நீ லீவுல இருந்தியே."

க்ளெனிஸ் அவர் காலடிப் படியில் உட்கார்ந்தாள். மேவிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுபடி வருவதாக அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மேவிஸின் கார் தெருமுனை திரும்பியதும், க்ளெனிஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உருளைக்கிழங்கு உரிக்க உள்ளே போனாள்.