அவளுடைய மூச்சை அளந்த நாள்

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலைமேல் எங்கள் பள்ளி விடுதியில் நெடுந்தூரம் ஓடுகிற பெண்கள் இரண்டே பேர்: நானும் என் தோழியும். நான் ஆலங்காயத்திலிருந்து போனவள். அவள் மலையிலேயே பிறந்தவள், வீட்டில் சாமை விவசாயம். இருவருக்கும் பதினைந்து வயது. ஒருநாள் நான் முந்துவேன், ஒருநாள் அவள். ஓடி முடித்ததும் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பேன். அவளோ சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

மெட்ராஸில் ஒரு விளையாட்டு விடுதியில் ஓர் இடம் காலியாக இருந்தது. எங்களில் யாரை அனுப்புவது என்று சோதிக்க அங்கிருந்து ஒரு சார் ஜீப்பில் வந்தார். ஓடும்போது உடம்பு எவ்வளவு பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது என்று அளப்பார். ஓடுகிறவள் ஒரு ரப்பர் குழாயைக் கவ்விக்கொள்ள வேண்டும். மூக்கை ஒரு கிளிப் இறுக்கி மூடியிருக்கும். ஜீப் பக்கத்திலேயே ஊர்ந்து வரும். விடுகிற மூச்செல்லாம் குழாய் வழியே ஜீப்பிலிருந்த பெரிய பையில் சேரும். நான் ஓடும்போது அவள் ஜீப்பில் உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஓடும்போது நான்.

முதலில் இருவருக்கும் ஒரே மிதமான வேகம். அவளுடைய பையைச் சோதித்துவிட்டு சார் என்னிடம் சொல்லி வியந்தார். “உன்னோட அதே வேகம்தான்மா. ஆனா இவளுக்குக் கொஞ்சம் காத்தே போதுது.”

இடம் அவளுக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

அடுத்தது முழு வேகம். இதில் யார் உடம்பு அதிகமாகப் பிராணவாயு எடுக்கிறதோ அவளுக்குத்தான் இடம் என்றார் சார். முன் சீட்டில் சார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வியர்வையில் அவள் மூக்கிலிருந்த கிளிப் வழுக்கி நுனிக்கு வந்துவிட்டது. மூச்சு பையில் சேராமல் மூக்கு வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். “சார்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் தலையைத் திருப்பி மரங்களைப் பார்த்தேன்.

சாயங்காலம் கணக்குப் போட்டுவிட்டு சார் நெற்றியைச் சுருக்கினார். என்னைக் கூப்பிட்டு, “குழாயில எங்கயாவது காத்து கசிஞ்சுதாம்மா?” என்று கேட்டார்.

“இல்லீங்க சார்.”

இடம் எனக்குக் கிடைத்தது. “இன்னாடீ, என் நெஞ்சுல காத்து புடிக்காதாம்” என்று சிரித்தபடியே அவள்தான் என் பெட்டியைக் கட்டிக்கொடுத்தாள்.

நான் மாநில அளவில் ஓடினேன், அதை வைத்து வேலைக்கும் போனேன். அவளுக்குக் கடிதம் எழுத நான்கைந்து முறை உட்கார்ந்திருக்கிறேன். “நலமா” என்பதைத் தாண்டி ஒரு வரியும் நகராது.

எண்பதுகளின் பிற்பாதியில் திருப்பத்தூர் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். மடியில் ஏழு வயது மகள். கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுச் சொன்னாள்: “இவ ஸ்கூல்ல ஓட்டத்துக்குப் பேர் குடுத்திருந்தாடீ. வேணாம்னு வாத்தியார்கிட்ட சொல்ட்டு வர்றேன். எனக்கே மூச்சு கம்மின்னு மெஷின்ல பாத்துச் சொன்னாங்களே. இவளுக்கும் அப்டித்தானே இருக்கும்?”

“அப்படியெல்லாம் இல்ல. ஓட விடு” என்றேன்.

“உனக்கு இன்னா, நல்ல நெஞ்சு” என்று என் தோளைத் தட்டினாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் இறங்க இன்னும் மூன்று நிறுத்தங்கள் இருந்தன. நான் அந்தக் குழந்தையிடம் என்ன வகுப்பு படிக்கிறாய் என்று கேட்டேன்.