பெட்டிக்குள் பதினோராவது விரல்

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். இது என் அக்காவுக்கு நடந்தது. அவள் டைப் அடித்துப் பழகிய தாள் ஒன்று இன்றும் என் பீரோவில் இருக்கிறது. அதில் ஒரு வரியை அடித்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அத்தான் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகள். அவர் பார்த்த வேலையை அவளுக்கே தருவதாக ஆபீசில் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, ஆறு மாதத்துக்குள் டைப்ரைட்டிங் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் வேலையும் இல்லை, ஆபீஸ் கொடுத்திருந்த வீடும் இல்லை.

அத்தான் அங்கே பன்னிரண்டு வருஷம் டைப் அடித்தவர். "கண்ணை மூடிக்கிட்டே அடிப்பேன், தெரியுமா?" என்று சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் பத்து விரலாலும் தட்டிக் காட்டுவார். அவர் வேலை செய்வதை அக்கா ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

டைப்ரைட்டிங் வகுப்பு ஒரு மாடியறையில் நடந்தது. ஐந்து மெஷின்கள், மாலை ஆறு மணிக்கு ஐந்து பேர். ஆபீஸ் வேலைக்குப் போக ஆசைப்பட்ட பஸ் கண்டக்டர் ஒருவர். தன் கையெழுத்து காதலனுக்குப் பிடிக்கவில்லை என்று வந்த பெண் ஒருத்தி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் மேல் புகார் எழுதவே கற்றுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் முடித்த பெண் ஒருத்தி. பிறகு அக்கா.

மாஸ்டரிடம் ஐந்து மரப்பெட்டிகள் இருந்தன. அடிப்பக்கமும் முன்பக்கமும் திறந்த பெட்டிகள். விசைகளின் மேல் கவிழ்த்துவிடுவார். கையை உள்ளே விட்டுத்தான் அடிக்க வேண்டும். கண் எழுத்தைத் தேடிக் கொடுத்தால் விரல் சோம்பேறியாகிவிடும். கண்ணை மறைத்துவிட்டால் விரலே தன் இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இடது சுண்டுவிரலுக்கு ய, மோதிர விரலுக்கு ள, நடுவிரலுக்கு ன, ஆள்காட்டி விரலுக்கு க. யளனக, யளனக என்று மாதக்கணக்கில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மெஷின்களுக்கு மின்சாரம் கிடையாது. விரல் அழுத்துகிற வேகத்தில்தான் அச்சு ரிப்பனை அடிக்கும். அதனால் விரலின் பலம் எவ்வளவோ அவ்வளவுதான் எழுத்தின் கறுப்பு. சுண்டுவிரல் இருப்பதிலேயே நோஞ்சான். அக்காவின் தாளில் ள, ன, க மூன்றும் கறுப்பாக விழும், ய மட்டும் சாம்பலாக விழும்.

"என்னம்மா, உன் ய-வுக்கு ரத்த சோகையா?" என்பார் மாஸ்டர்.

அக்காவுக்குச் சிரிப்பு வராது. நாள் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது மாதம். செவ்வாய்க்கிழமை, 6.20. மோதிர விரல் தப்பான விசைக்குப் போனது. உள்ளே ஏதோ ஒன்று அதை மெல்லத் தள்ளிச் சரியான இடத்தில் வைத்தது.

நரம்பு இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை, 6.35. மறுபடியும். இந்த முறை அது சில்லென்று இருந்தது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய பத்து விரல்கள். வேறொன்றும் இல்லை.

"எட்டிப் பார்த்தா தேற மாட்டேம்மா. பெட்டிய வை," என்றார் மாஸ்டர்.

அடுத்த திங்கள். நல்ல மழை. 6.42-க்கு மின்சாரம் போனது. எல்லாரும் கையை எடுத்தார்கள்.

"பெட்டிக்குள்ள கைய விட்டவங்களுக்கு வெளிச்சம் எதுக்கு? அடிங்க," என்றார் மாஸ்டர் இருட்டிலிருந்து.

கண்டக்டர், "டிக்கெட் கிழிக்கிறதே தேவலாம் சார்," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். மெஷின்கள் மறுபடி தொடங்கின.

இருட்டும் மழையும் சேர்ந்தால் அடக்கி வைத்ததெல்லாம் மேலே வரும். அக்காவுக்குக் கண் நிறைந்தது. கையை வெளியே எடுத்தாள். இரண்டு கையையும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டக்... டக்... டக்... டக்.

பக்கத்து மெஷின் என்று நினைத்தாள்.

டக்... டக்... டக்... டக்.

மேஜை அதிர்ந்தது. அவள் மேஜை.

அவள் மெஷின்.

பெட்டிக்குள்...

வரி முடிகிறது என்று சொல்லும் மணி, 'டிங்' என்று அடித்தது.

பிறகு அவள் மெஷின் நின்றது.

6.51-க்கு விளக்கு வந்தது. தாளில் ஒரு முழு வரி கூடுதலாக இருந்தது. யளனக யளனக யளனக. மாஸ்டர் தாளை உருவி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இந்த வரிய அடிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"இல்லம்மா. ய-வைப் பாரு. நாலும் ஒரே கறுப்பு. இது பத்து வருஷமாவது அடிச்ச கை."

வேறு யாராக இருந்தாலும் மறுநாள் அந்தப் படி ஏறியிருக்க மாட்டார்கள். அக்கா கால் மணி நேரம் முன்னாலேயே போனாள்.

"அவர்தான்டி," என்றாள் என்னிடம். "என் விரலைப் பிடிச்சுச் சொல்லித் தர்றார்."

"பயமா இல்லையாக்கா?"

"பயமா? அவர் போனதுக்கு அப்புறம் நான் நிம்மதியா தூங்கறதே இப்பதான்."

அதன்பிறகு தினமும் மெஷின் சத்தத்துக்குள் முணுமுணுவென்று பேசுவாளாம். சின்னவனுக்குப் பல் விழுந்தது, பெரியவள் அப்பா சட்டையை மடித்து வைத்துக்கொண்டு படுப்பது, எல்லாம். ஒருநாள் யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள். கடைசி நாள் காலையில் இருவருக்கும் சண்டை. "போயிட்டு வரேன்" என்று அவர் வாசலில் நின்று சொன்னபோது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். திரும்பவில்லை. அவர் வரவே இல்லை.

"என்னை மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க," என்று கேட்டாள்.

பெட்டிக்குள் அந்தச் சில்லென்ற விரல் அவள் சுண்டுவிரலை இரண்டு தடவை அழுத்தியது.

அன்று வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பல மாதங்களுக்குப் பின் முதல்முறையாகச் சிரித்தாள்.

தேர்வு அறையில் பெட்டி கிடையாது. அக்கா கண்ணை மட்டும் மூலத்தாளில் வைத்தாள், கையைப் பார்க்கவே இல்லை. தேறிவிட்டாள்.

வேலையில் சேர்ந்த அன்று அத்தானின் மேஜையையே கொடுத்தார்கள். பக்கத்து மேஜைப் பெண் காப்பி வாங்கி வந்து வைத்தாள். சிறிது நேரம் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கீழ பார்க்காமலே அடிக்கிறீங்களே!"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து வந்ததுதான்," என்றாள் அக்கா, பெருமையாக.

அந்தப் பெண் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு, அண்ணனா? தப்பா நினைக்காதீங்கக்கா. அவரு சேர்ந்த காலத்துல பரீட்சையெல்லாம் கிடையாதே. கடைசி வரைக்கும் ரெண்டு விரல்தான். விசைய முறைச்சுப் பார்த்துக்கிட்டே குத்துவாரு. நாங்க 'கோழி கொத்துது'ன்னு கிண்டல் பண்ணுவோம். 'வீட்ல சொல்லிடாதீங்கப்பா, அங்க பத்து விரல்னு சொல்லி வெச்சிருக்கேன்'ன்னு கெஞ்சுவாரு, பாவம்."

பழைய ஃபைல் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அத்தான் அடித்த தாள். ஒவ்வொரு முற்றுப்புள்ளியும் தாளில் ஓட்டை போட்டிருந்தது. ஆள்காட்டி விரலால் குத்திய குத்து.

அன்று 5.40-க்கு அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அப்போ நான் யார்கிட்டடி மன்னிப்புக் கேட்டேன்?"

மாஸ்டரிடம் போய்க் கேட்டோம். பெட்டிகள் எல்லாம் அவர் புதிதாகச் செய்தவை, மெஷின்கள் எங்கெங்கோ ஏலத்தில் எடுத்தவை. எந்த மெஷினில் யார் அடித்தார்கள் என்று அவருக்கும் தெரியாது.

அதன்பிறகு அக்கா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. வேலை பார்த்தாள், பிள்ளைகளை ஆளாக்கினாள்.

போன மாதம் ஒரு மதியம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜுரத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். கை நெருப்பாய்க் கொதித்தது.

சுண்டுவிரல் மட்டும் சில்லென்று இருந்தது.

அக்கா அசையவில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. நேரம் 3.10.

அந்த விரல் என் விரலை மெதுவாக அழுத்தியது.

இரண்டு தடவை.